டிரானெக்ஸாமிக் ஆசிட்: மாதவிடாய்க்கும் மங்குக்கும் ஒரே மாத்திரையா?

வண்ணாரப்பேட்டையில் மெடிக்கல் கவுண்டரில் நிற்கிற எனக்கு இப்போதெல்லாம் அடிக்கடி வரும் கேள்வி: "அக்கா, பீரியட்ஸ்ல ரத்தம் ஜாஸ்தியா போனா குடுப்பீங்களே, அந்த மாத்திரை மூஞ்சில இருக்கிற மங்குக்கும் கேக்குமாமே, நெஜமா?" நிஜம்தான். ஆனால் மங்குக்கு (முகத்தில் பழுப்பாகப் படரும் திட்டுக்கு) கேட்கும் என்பதற்கும் நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்பதற்கும் நடுவில் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. பின்னால் நாலு பேர் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கும்போது அதையெல்லாம் பொறுமையாகச் சொல்ல முடிவதில்லை. அதனால் இந்த மருந்தைப் பற்றி முதல் தடவையாகக் கேள்விப்படுகிறவர்களுக்காக, எங்கே தொடங்குவது, எதைத் தொடக்கூடாது, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், இது என்ன மருந்து

டிரானெக்ஸாமிக் ஆசிட் ரத்தப்போக்கைக் குறைக்கிற மருந்து. ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோ என்ற பெண் மருத்துவரும் அவர் கணவர் ஷோசுகேவும் சேர்ந்து கண்டுபிடித்து 1962-ல் வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்காமல் இறந்துபோகிற பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அந்த அம்மாவின் எண்ணம்.

நமக்கு அடிபட்டால் ரத்தம் உறைந்து காயத்தை அடைத்துக்கொள்கிறது இல்லையா, அப்புறம் உடம்பே பிளாஸ்மின் என்ற ஒரு பொருளை உண்டாக்கி அந்த அடைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். இந்த மருந்து அந்தக் கரைக்கிற வேலையைத் தடுக்கிறது, அவ்வளவுதான். புதிதாக ரத்தத்தை உறைய வைப்பதில்லை, உறைந்தது கரைந்துபோகாமல் பார்த்துக்கொள்கிறது. இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் யார் இதைச் சாப்பிடக்கூடாது என்பதில் பெரும்பகுதி இதிலிருந்துதான் வருகிறது. காலிலோ நுரையீரலிலோ இருக்கக்கூடாத இடத்தில் ஒருவருக்கு ரத்தக்கட்டி இருந்தால், அதுவும் கரையாமல் அங்கேயே நின்றுவிடும்.

மங்குக்கு இது உதவும் என்பது தற்செயலாகத் தெரிய வந்தது. 1979-ல் ஜப்பானில் நாள்பட்ட காணாக்கடித் தடிப்புக்காக இதைக் கொடுத்தபோது, முகத்தில் இருந்த மங்கு வெளுப்பதைக் கவனித்தார்கள். காரணம் பிறகு புரிந்தது. வெயில் படும்போது தோலிலும் அதே பிளாஸ்மின் கூடுகிறது, அது நிறமியை உண்டாக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. அந்த இடத்தில் இந்த மருந்து குறுக்கே நிற்கிறது. ஆசிட் என்ற பெயரைப் பார்த்துத் தோலை உரிக்கும் என்று பயப்படவும் வேண்டாம், உரித்தால்தான் வேலை செய்கிறது என்று காத்திருக்கவும் வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது எது: ஊசியா, மாத்திரையா, சீரமா

மூன்றும் ஒரே பெயரில்தான் வருகின்றன. வேலையும் ஆபத்தும் மட்டும் வேறு வேறு.

ஊசி ஆஸ்பத்திரிக்காரர்களின் கையில் இருக்க வேண்டியது. 2010-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், விபத்தில் அடிபட்ட 20,000-க்கும் மேற்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதைக் கொடுத்துப் பார்த்ததில் இறப்பு குறைந்தது. ஆனால் அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன், அதுவும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் போட்டவர்களுக்கே அதிகம். 2017-ல் 20,060 தாய்மார்களிடம் நடந்த ஆய்வு, பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கால் வரும் இறப்பை இது குறைக்கிறது என்று காட்டியது, அதே வருடம் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. உடாகோ அம்மா அந்த முடிவு வெளிவருவதற்கு முந்தைய வருடம்தான் காலமானார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

இதில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டிலோ மணலி பக்கமோ கண்டெய்னர் லாரி விபத்தைப் பார்த்தால், உடனே 108-க்கு அடியுங்கள், ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். சோடா வாங்கிக் கொடுத்து, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, எந்த ஆஸ்பத்திரி என்று பேசிக்கொண்டு அரை மணி நேரம் கழிப்பது சாதாரண விஷயமில்லை. ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் இந்த மருந்தின் பலன் ஏறக்குறைய 10 சதவீதம் குறைகிறது.

ரத்தம் எங்கிருந்து வந்தாலும் இந்த மாத்திரையைப் போட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது, அது தப்பு. ரத்த வாந்தி, தார் மாதிரி கருப்பாக மலம் போவது, இதற்கெல்லாம் இந்த மருந்து பலன் தருவதில்லை என்று 2020-ல் ஒரு பெரிய ஆய்வில் தெரிந்தது, மாறாக ரத்தக்கட்டியும் வலிப்பும்தான் கூடின. சிறுநீரில் ரத்தம் வந்தாலும் வீட்டில் இதைப் போடாதீர்கள், உறைந்த ரத்தம் குழாயை அடைத்துக்கொள்ளலாம். இந்த மூன்றுக்கும் நேராக ஆஸ்பத்திரிதான்.

மாதவிடாய்க்காக என்றால்

முதல் படி, உங்களுக்குப் போவது நிஜமாகவே அதிகமா என்று பார்ப்பது. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பேட் மாற்ற வேண்டியிருந்தால், பத்து ரூபாய் நாணயத்தை விடப் பெரிய கட்டிகள் விழுந்தால், 7 நாளைத் தாண்டிப் போனால், ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருந்தால் அது அதிகம்தான். "எங்க அம்மாவுக்கும் இப்படித்தான், எனக்கும் இப்படித்தான்" என்று வருடக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிற பெண்களை எங்கள் பக்கம் நிறையப் பார்க்கிறேன். அப்படிப் பொறுத்துக்கொள்ளத் தேவையே இல்லை.

அடுத்து, காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கர்ப்பப்பையில் நார்க்கட்டி, தைராய்டு, ரத்தம் உறைவதில் பிறவிக் குறை, சில சமயம் தெரியாமலே தரித்துக் கலைகிற கர்ப்பம் என்று எதுவாகவும் இருக்கலாம். டாக்டரைப் பார்த்து, கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. போகிற ரத்தத்தைக் குறைப்பது ஒரு பக்கம், போன ரத்தத்தை இரும்புச்சத்து மாத்திரையால் ஈடுகட்டுவது இன்னொரு பக்கம், இரண்டும் நடக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை போட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், சத்து ஏறாது, ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு மறுபடி ரத்தம் பட்டால், அது ஒரு சொட்டாக இருந்தாலும், மாத்திரை கேட்டு என்னைப் போன்றவர்களிடம் வராதீர்கள். கர்ப்பப்பைப் புற்றுநோய் இல்லை என்று முதலில் பார்த்தாக வேண்டும்.

மாத்திரை எப்படிப் போடுவது? ரத்தப்போக்கு தொடங்கிய பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும், முன்கூட்டியே வேண்டாம். 500 மி.கி. மாத்திரை ஒன்றோ இரண்டோ, ஒரு நாளைக்கு மூன்று வேளை, அதிகம் போகிற மூன்று நாலு நாளைக்கு மட்டும் என்பதுதான் பெரும்பாலும் சீட்டில் வரும். உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டர் எழுதட்டும். ரத்தப்போக்கு ஏறக்குறைய பாதி வரை குறையும், அடியோடு நின்றுவிடாது, நிற்கவில்லையே என்று கூட ஒன்று போட்டுக்கொள்ளவும் கூடாது. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது. சிலருக்கு வயிற்றைப் பிரட்டும், பேதியாகும், தலை வலிக்கும். சாப்பாட்டுக்குப் பின் போட்டால் கொஞ்சம் தேவலாம்.

கடையில் வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் படியுங்கள். இங்கே நிறைய விற்பது மெஃபனாமிக் ஆசிட் என்ற வலி மாத்திரை சேர்ந்த கலவை. வயிற்று வலியும் இருக்கிறவர்களுக்கு அது நல்லதுதான், ஆனால் அல்சர் இருக்கிறவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் ஆகாது. பெயர் ஒரே மாதிரி இருக்கும், பின்னால் இரண்டு எழுத்து மட்டும் கூட இருக்கும், கவனிக்காமல் விட்டுவிடுவோம்.

இன்னொரு குழப்பம், திருவிழா நேரத்தில் தவறாமல் வருவது. கோயிலுக்குப் போக நாள் தள்ளிப்போட மாத்திரை கேட்டு வருகிறவர்கள் இதைத்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். இது நாளைத் தள்ளிப்போடாது. நாளைத் தள்ளிப்போடுவது வேறு, அது ஹார்மோன் மாத்திரை. இரண்டையும் சேர்த்துப் போட்டால் ரத்தக்கட்டி ஆபத்து கூடும், டாக்டருக்குத் தெரியாமல் இதை ஒருபோதும் செய்யாதீர்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

மங்குக்காக என்றால்

இங்கேதான் நிதானம் தேவை, ஏனென்றால் அவசரப்பட்டு முகத்தைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இந்தப் பக்கத்தில்தான் அதிகம்.

முதலில் அது மங்குதானா? இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி, நெற்றியில், மூக்கின் மேல், மேலுதட்டில் பழுப்பாகப் படர்ந்து, அரிப்போ எரிச்சலோ இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் மங்கு. கர்ப்ப காலத்திலோ கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதோ தொடங்கியது என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஆனால் கழுத்து மடிப்பில் வெல்வெட் மாதிரி தடித்துக் கறுப்பது வேறு, அதற்கு சர்க்கரையும் உடல் எடையும் பார்க்க வேண்டும். ஹேர் டை பட்ட ஓரத்தில் நெற்றியும் காதோரமும் கறுப்பது ஒவ்வாமையாக இருக்கலாம், அங்கே சீரம் தடவிப் பலனில்லை, டையை நிறுத்த வேண்டும். பரு போன இடத்துக் கரும்புள்ளி இன்னொன்று, அதற்கு இந்த சீரம் ஓரளவு உதவும். தேமல் முற்றிலும் வேறு கதை. ஒரு தடவையாவது தோல் டாக்டரிடம் முகத்தைக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். எங்கள் பக்கத்து ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது, காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு போட்டுவிட்டால் காசில்லாமல் பார்த்துவிடலாம், அரை நாள் போகும், போகட்டும்.

அடுத்து, இப்போது முகத்தில் என்ன போடுகிறீர்கள் என்று ட்யூப்பை எடுத்துப் பாருங்கள். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்று மூன்று பெயர் சேர்ந்திருந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. டாக்டர் எழுதி, சில வாரத்துக்கு மட்டும் போட வேண்டிய க்ரீம் அது. பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, முகம் சிவந்து, வெயிலில் நின்றாலே எரியும், நிறுத்தினால் இன்னும் மோசமாகும். லேபிளே ஒழுங்காக இல்லாமல் விற்கிற வெள்ளையாக்கும் க்ரீம்களில் பாதரசம் இருக்கலாம், அதையெல்லாம் தூக்கிப் போடுங்கள். ஸ்டீராய்டு க்ரீமை நெடுநாள் போட்டிருந்தால் மட்டும் திடீரென நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடி விடுங்கள்.

சரி, இப்போது சன்ஸ்கிரீன். சீரத்துக்கு முன்னால் இது. காசிமேட்டில் காலையிலிருந்து மீன் விற்கிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், ரோட்டோரம் இட்லிக்கடை போட்டு அடுப்பு முன்னால் நிற்கிறவர்கள், எங்கள் பக்கத்து ஜனங்களின் வேலையே வெயிலும் சூடும்தான். மங்கைத் தூண்டுவதும் இந்த இரண்டும்தான். சன்ஸ்கிரீன் இல்லாமல் சீரம் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், முடிந்தால் 50, தோல் நிறத்தில் சாயம் கலந்த வகையாக வாங்குங்கள். அந்தச் சாயத்தில் இருக்கிற இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் தடுக்கும், மங்குக்கு அது ரொம்ப முக்கியம், சாம்பல் பூசின மாதிரி வெளுத்துத் தெரிகிற தொல்லையும் இல்லை. ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும், பொட்டு மாதிரி தொட்டு வைப்பதால் பலனில்லை. வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். வியர்வை வழிகிற வேலையில் அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் குடை, அகலமான தொப்பி, முகத்தைச் சுற்றிய துப்பட்டா, வண்டிக்கடைக்கு மேல் ஒரு தார்ப்பாய் என்று நிழலை நம்புங்கள், அது காசும் குறைவு.

இதை இரண்டு வாரம் பழகிய பிறகு சீரத்துக்கு வாருங்கள். டிரானெக்ஸாமிக் ஆசிட் 2 முதல் 5 சதவீதம் வரை இருக்கிற சீரமோ க்ரீமோ போதும், சதவீதம் பாட்டிலில் எழுதியிருக்க வேண்டும். முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி இரண்டு மூன்று நாள் பாருங்கள். தடிப்போ அரிப்போ இல்லையென்றால் முகத்துக்கு. முகம் கழுவித் துடைத்து, சில சொட்டு, மங்கு இருக்கிற இடத்தில் மட்டுமல்ல, சுற்றியும் தடவி, மேலே சாதாரண மாய்ஸ்சரைசர். முதல் வாரம் ராத்திரி மட்டும், ஒத்துக்கொண்டால் காலையிலும், காலையில் போட்டால் மேலே சன்ஸ்கிரீன். மங்குக்குத் தடவுகிற நியாசினமைடு, அசிலாயிக் ஆசிட் என்ற வேறு இரண்டு பொருளும் இதோடு ஒத்துப்போகும், ஆனால் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது எரிச்சல் கொடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். கண்ணாடியைத் தினமும் பார்த்தால் மாற்றம் தெரியாது, அதனால் மாதம் ஒருமுறை ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரே பக்கம் திரும்பி போட்டோ எடுத்து வையுங்கள். மேலோட்டமான மங்கு சீக்கிரம் வெளுக்கும், ஆழமாக இருப்பது மெதுவாகத்தான் போகும், சிலருக்கு முழுசாகப் போகாது. தோலில் தடவுவது ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு, அதனால் மாத்திரைக்கு இருக்கிற பயம் சீரத்துக்கு அவ்வளவாக இல்லை. கர்ப்பமாக இருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ இதையும் கேட்டுவிட்டுப் போடுங்கள். கர்ப்பத்தில் வந்த மங்கு பிரசவத்துக்குப் பிறகு பலருக்குத் தானாகவே குறையும்.

தயவுசெய்து செய்யாதீர்கள் என்று இரண்டு விஷயம் சொல்கிறேன். 500 மி.கி. மாத்திரையை இடித்துப் பன்னீரில் குழைத்து முகத்தில் பூசாதீர்கள். மாத்திரையில் மருந்தைத் தவிர இருக்கிற பொடியெல்லாம் முகத்துக்காகச் செய்ததல்ல, அளவும் தெரியாது. அப்புறம், பியூட்டி பார்லரில் ஊசி. தோலுக்குள் நுணுக்கமாக இதைச் செலுத்துகிற முறை உண்டு, ஆனால் அது தோல் டாக்டர் செய்ய வேண்டியது. கல்யாணத்துக்கு முன்னால் சீக்கிரம் பளிச்சென்று ஆகணும் என்று ட்ரிப்ஸ் ஏற்றிக்கொள்ளக் கூப்பிட்டால், யார் டாக்டர், என்ன மருந்து, எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வராத இடத்தில் கையை நீட்டாதீர்கள்.

மங்குக்கு மாத்திரை

சீரமும் சன்ஸ்கிரீனும் கேட்காத மங்குக்கு டாக்டர்கள் மாத்திரை எழுதுவதுண்டு. மங்குக்கு என்று அங்கீகாரம் பெற்ற மருந்தாக அல்ல, அனுபவத்தையும் ஆய்வுகளையும் வைத்துக் கொடுக்கிறார்கள். அளவு சின்னது, 250 மி.கி. காலை ஒன்று இரவு ஒன்று, சில மாதம். மாதவிடாய்க்குக் கொடுப்பது பெரிய அளவு, சில நாள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, வீட்டில் மிச்சமிருந்த 500 மி.கி. மாத்திரையை மூன்று வேளையாக மாதக்கணக்கில் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. சிங்கப்பூரில் 561 பேரிடம் பார்த்து 2016-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் பத்தில் ஒன்பது பேருக்குக் குறைந்தது, ஆனால் ஒருவருக்குக் காலில் ரத்தக்கட்டி வந்தது. அவருக்கு ரத்தம் எளிதில் உறைகிற பரம்பரைக் குறை இருந்தது பிறகுதான் தெரிந்தது. மருந்து மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை, கேட்க வேண்டிய கேள்விகளை முன்னாலேயே கேட்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

அதனால் டாக்டரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும், இதையெல்லாம் நீங்களே சொல்லிவிடுங்கள்: உங்களுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ அப்பா அம்மாவுக்கோ கால் நரம்பில் ரத்தக்கட்டி, பக்கவாதம், நெஞ்சடைப்பு வந்ததா, அடுத்தடுத்துக் கர்ப்பம் கலைந்ததா, வலிப்பு உண்டா, ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் பழுதானால் கூடுவது) ஏறியிருக்கிறதா, கருத்தடை மாத்திரையோ வேறு ஹார்மோனோ சாப்பிடுகிறீர்களா, சிகரெட் பழக்கம் உண்டா, சமீபத்தில் ஆபரேஷன் ஆகிப் படுக்கையில் இருந்தீர்களா, குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்களா. இந்த மருந்து சிறுநீர் வழியாகத்தான் வெளியே போகிறது, அதனால் சிறுநீரகம் பழுதாகியிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும் அல்லது கொடுக்கவே கூடாது. ரொம்ப வருடமாகச் சர்க்கரை இருக்கிறவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சாப்பிடத் தொடங்கிய பிறகு ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், பார்வை மங்கினாலோ நிறம் மாறித் தெரிந்தாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தால், வாய் கோணினால், மாத்திரையை அங்கேயே நிறுத்திவிட்டு அந்த நிமிடமே எமர்ஜென்சிக்குப் போங்கள், ராத்திரியானாலும் சரி. காலையில் கிளினிக் திறக்கட்டும் என்று இருக்காதீர்கள். போகும்போது மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், பெயரைச் சொல்லத் தெரியாமல் "முகத்துக்கு ஒரு மாத்திரை" என்று சொன்னால் அங்கே இருக்கிற டாக்டருக்கு ஒன்றும் புரியாது.

நிறுத்திய பிறகு கொஞ்ச மாதத்தில் மங்கு மறுபடி தலைகாட்டுவது சகஜம், சித்திரை வெயிலுக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். அப்போது பழைய சீட்டைக் கொண்டுவந்து "அதையே குடுங்க அக்கா" என்று கவுண்டரில் நீட்டாமல், அதே சீட்டையும் மாதாமாதம் எடுத்த போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். முன்பு எத்தனை வாரம் சாப்பிட்டீர்கள், எவ்வளவு வெளுத்தது, இடையில் உடம்பில் வேறு என்ன மாறியது என்று பார்த்து, மறுபடி மாத்திரையா, சீரம் மட்டும் போதுமா என்று அவர் சொல்வார்.